தொண்ணூற்றெட்டுக் குதிரை

ஏசுஅடிமையின் லாரி இரண்டு வருஷமும் நாலு மாதமும் தடிக்காரன்கோணத்தில் அவன் வீட்டுக்குப் பக்கத்துத் தென்னை விளையில் சும்மா நின்றது. மேலே போட்டிருந்த தார்ப்பாய் இற்றுப்போய், டயர்களைச் சுற்றிப் புல் முளைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போய்விட்டு வந்ததும் அவன் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஏறி, இடது காலை நீட்டினபடி உட்கார்ந்து, எஞ்சினை மட்டும் கால் மணி நேரம் ஓடவிடுவான். பிறகு அணைத்துவிட்டு இறங்கி வந்து கஞ்சி குடிப்பான்.

மலைமேல் இருக்கிற ரப்பர் எஸ்டேட்டுக்குப் பத்தொன்பது வருஷம் லோடு அடித்தவன். உரமும் அரிசியும் மேலே ஏறும். ரப்பர் ஷீட்டும் தடியும் கீழே இறங்கும். ஒரு ஐப்பசி மழையில் லோடின் மேல் நின்று கயிறு முறுக்கும்போது கயிறு அறுந்தது. கீழே விழுந்தவனின் இடது முட்டு, எல்லைக்கு நட்டிருந்த அத்துக்கல்லில் அடித்தது. நாகர்கோவிலில் தகடு வைத்துக் கட்டினார்கள். நடக்கலாம், சைக்கிள்கூட ஒருமாதிரி ஓட்டலாம். ஆனால் முட்டு பாதிக்கு மேல் மடங்காது. எஸ்டேட் ஏற்றத்தில் ஒரு நடைக்கு இருநூறு தடவையாவது கிளட்சு மிதிக்க வேண்டும். பத்துத் தடவை மிதித்தாலே அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

அவன் மனைவி நேசபாய் அதே எஸ்டேட்டில் பால்வெட்டுக்காரி. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மலையேறி, முந்நூறு மரம் வெட்டி, பத்து மணிக்குள் சிரட்டைகளில் ஊறின பாலை வாளியில் சேர்த்து மேல் கொட்டகைக்குச் சுமந்துகொண்டு போய்க் கொடுக்க வேண்டும். இரண்டு வருஷமாக அந்த வீடு அவள் கையில் ஓடியது. அவள் அதைச் சொல்லிக் காட்டினதில்லை. அவன்தான் தினமும் நினைத்துக்கொண்டிருந்தான்.

வழியைச் சொன்னவள் மீன்காரி குளோரி. முட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் மீன் கூடையோடு வந்து, தடிக்காரன்கோணம் முழுக்க விற்றுவிட்டு மதியம் திரும்புகிறவள். ஒரு நாள் நேசபாய் வீட்டு வாசலில் சாளையை எண்ணிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏட்டி நேசம், இந்த வண்டிய என்ன செய்யப் போறிய? கோழி அடைக்கவா?"

"கிளச்சு சவுட்ட முடியல்லக்கா. அதுதான் நிக்குது. விக்கவும் மனசில்ல."

"கிளச்சே இல்லாத வண்டி உண்டும் பிள்ளே. எனக்க மாப்பிள்ள ஷார்ஜாவுல பதினாலு வருஷம் அதத்தான் பாத்தாரு. அறபிக்காரனுவ வலிய பிக்கப்பு வண்டியக் கொண்டு வந்து இதுக்கு இன்னும் பெலம் ஏத்துன்னு விடுவானுவ. இவரு ஏத்திக் குடுப்பாரு. மிஷின்ல ஏத்தி எத்தன குதிரன்னு எழுதியும் குடுப்பாரு."

"லாரிக்கு வைக்க முடியுமாக்கா?"

"அத அவருட்ட கேளு. எனக்கு மீன்தான் தெரியும்."

குளோரியின் புருஷன் சிலுவைமுத்து பார்வதிபுரத்தில் பட்டறை வைத்திருந்தார். ஐம்பது வயது, சுருட்டை முடி, பேசும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்காமல் வண்டியைப் பார்க்கிறவர். லாரியின் அடியில் படுத்து அளந்து பார்த்துவிட்டு எழுந்து வந்து, "முடியும்" என்றார்.

"முடியுமாண்ணே?" என்றான் ஏசுஅடிமை.

"முடியும்னுதானே சொல்லுதேன். எஞ்சின் நல்ல எஞ்சின். ஏலம் போன டவுன் பஸ்ஸுக்க ஆட்டோமேட்டிக் பெட்டி ஒண்ணு பெங்களூருல கெடக்கு. இந்த எஞ்சினுக்கு ஒக்கும். முன்னால ஒரு பிளேட்டு கடையணும், பின்னால புரொப்பல்லர் ஷாஃப்ட வெட்டிச் சின்னதாக்கணும். எண்ணெய ஆத்த ஒரு தனி ரேடியேட்டர். அஞ்சு வாரம்."

ஆறு வாரம் ஆனது. நேசபாய் ஞாயிறுதோறும் மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன் கறியும் வைத்து, தூக்குச்சட்டியில் பட்டறைக்குக் கொண்டுபோவாள். ஏசுஅடிமை அங்கேயே கிடந்தான். நட்டு துடைப்பான், விளக்குப் பிடிப்பான், லேத்துக்காரனோடு சண்டை போடுவான். மாற்றியமைத்த வண்டிக்கான அனுமதியும், கிளட்சு இல்லாத வண்டி ஓட்டத் தகுதி உண்டு என்ற டாக்டர் சீட்டும் கைக்கு வந்தன. கிளட்சு மிதியைக் கழற்றி எறிந்த இடத்தில் இடது கால் நீட்டி வைக்க ஒரு பலகை அடித்தார்கள். முதல் தடவை பார்வதிபுரத்திலிருந்து பூதப்பாண்டி வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவன், இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

இனி எஸ்டேட்டுக்காரர்கள் சம்மதிக்க வேண்டும். எஸ்டேட்டின் வண்டிகளுக்கெல்லாம் பொறுப்பு வள்ளிநாயகம். பூதப்பாண்டிக்காரர். வயலும் உண்டு, வேலையும் உண்டு. வெள்ளை வேட்டியில் ஒரு கறை பார்த்தவர் கிடையாது. போன வருஷம் தளர்ந்த எஞ்சினோடு ஒரு லாரி ஏற்றத்தில் இழுக்க முடியாமல் பின்னால் உருண்டு, பாதையை அடைத்துக்கொண்டு மூன்று நாள் கிடந்தது. அதிலிருந்து அவர் ஒரு சட்டம் போட்டார்: சக்கரத்தில் நூறு குதிரைசக்தி இருக்கிறது என்று பொறியியல் கல்லூரியிலிருந்து சீட்டு வாங்கி வருகிற வண்டிக்குத்தான் லோடு.

கல்லூரியில் தரையோடு தரையாக இரண்டு பெரிய உருளைகள் பதித்த மேடை உண்டு. டைனோ என்பார்கள். பின் சக்கரங்களை உருளைமேல் நிறுத்தி, வண்டியைச் சங்கிலியால் கட்டி, முழு மிதி மிதித்தால் சக்கரம் உருளையை என்ன பலத்தில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும். சிலுவைமுத்து அன்று தங்கை மகள் கல்யாணத்துக்கு முட்டம் போயிருந்தார். "ஓட்டிப் பாக்கதுதானே, நீயே போயிட்டு வா" என்று சொல்லிவிட்டார். ஏசுஅடிமை தனியாகப் போனான்.

எண்பத்து நாலு என்று வந்தது.

மறுபடி ஓட்டினார்கள். எண்பத்து மூன்று. அதே எஞ்சின் உள்ள கியர் லாரி ஒன்று போன மாதம் அதே உருளையில் நூற்றேழு காட்டியிருந்தது. அந்தச் சீட்டும் வள்ளிநாயகத்தின் மேசையில் இருந்தது.

"இருபத்து மூணு குதிர எங்க ஓய்?" என்று கேட்டார் அவர். "உம்ம எஞ்சின் ரெண்டு வருஷத்துக்கு மேல மழையில நின்னிருக்கு. இல்லேன்னா அந்தப் பட்டறைக்காரன் எஞ்சினுக்குள்ள கைவச்சிருக்கான். ரெண்டுல ஒண்ணு. இத வச்சு மலையேத்த நான் சம்மதிக்க மாட்டேன், கேட்டேரா?"

ஏசுஅடிமை தன் சீட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். ஊருக்குள் பேச்சு அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. டீக்கடை ரத்தினம், "பட்டறைக்காரன் நல்ல எஞ்சினக் கழட்டிட்டு ஓட்ட எஞ்சின மாட்டிட்டானாமே" என்று கேட்டான். விசாரிக்கிற மாதிரித்தான் கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. நேசபாய் கட்டன் காப்பி போட்டு முன்னால் வைத்தாள். அவன் தொடவில்லை.

"பெட்டியக் கழட்டிருவோம்" என்றான்.

"என்னத்துக்கு?"

"பழைய கியர் பெட்டிய மாட்டி வித்துருவோம். வாங்குகவன் கிளச்சு இருந்தாத்தான் வாங்குவான்."

"சிலுவ அண்ணன்ட்ட கேட்டியளா?"

"அவருட்ட என்ன கேக்க? மிஷின் பொய் சொல்லுமா?"

"மிஷின் பொய் சொல்லாது. நீங்க என்ன கேட்டிய, அது என்ன சொல்லிச்சுன்னு அறிஞ்ச ஆளு அவருதானே. கல்யாண வீட்டுல இருந்து வரட்டு. பெட்டியில கைவச்சியன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

"ஆளுவ அவரக் கள்ளன்னு சொல்லுகானுவ நேசம்."

"நீங்க சொல்லுகியளா?"

அவன் யோசித்தான். ஆறு வாரம் அவர் கூடவே பட்டறையில் கிடந்தவன். எஞ்சினின் மேல்மூடியைக்கூட அந்த ஆள் திறக்கவில்லை.

"நான் சொல்லல்ல" என்றான்.

"பின்ன காப்பியக் குடியுங்க. ஆறுது."

மறுநாள் கூடையோடு வந்த குளோரி விஷயத்தைக் கேட்டுவிட்டு, மீனை விற்காமல் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினாள். மதியம் சிலுவைமுத்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கோபம் எதுவும் இல்லை. சீட்டை வாங்கிப் படித்துவிட்டு உற்சாகமாகிவிட்டார்.

"எந்த கியர்ல ஓட்டுனாவ?"

"ரெண்டுல."

"பூட்டு விழுந்துதா?"

"என்ன பூட்டு?"

சிலுவைமுத்து தலையில் அடித்துக்கொண்டார். "தப்பு எனக்க மேலதான் மக்கா. நான் கூட வந்திருக்கணும்."

அவர் வாசல் திண்டில் உட்கார்ந்து கையை விரித்துக் காட்டினார். "கிளச்சுக்குப் பதிலு இதுல இருக்கது கன்வெர்ட்டர். எண்ணெய்க்குள்ள ரெண்டு விசிறி, நேருக்கு நேரே. எஞ்சின் ஒரு விசிறியச் சுத்தும். அது தள்ளுத எண்ணெய் மத்த விசிறியச் சுத்தும். நடுவுல இரும்பும் இரும்பும் தொடாது. அதனால ரெண்டாவது விசிறி கொஞ்சம் பிந்தித்தான் சுத்தும். அந்தப் பிந்துததுல உள்ள பெலம் போற இடம் எது?"

"எது?"

"எண்ணெய்க்குச் சூடு. அவ்வளவுதான். ஓட்டி முடிச்சதும் பெட்டிக்கு அடியில கை வச்சுப் பாத்தியா?"

"கை வைக்க முடியல்ல. கொதிச்சுது."

"பின்ன? உனக்க குதிர எங்கயும் களவு போவல்ல. அங்க கெடந்து வேவுது."

நேசபாய்க்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. "அப்பம் மலையில மட்டும் வேவாதாண்ணே?" என்று கேட்டான்.

"அதுதான் கேக்க வேண்டிய கேள்வி" என்றார் சிலுவைமுத்து. "ஓட்டம் பிடிச்ச பெறவு ரெண்டு விசிறியையும் சேத்துப் பூட்டுத பிளேட்டு ஒண்ணு உள்ள உண்டு. பூட்டு விழுந்தா நழுவாது, கிளச்சு வண்டி மாதிரிதான். ஆனா இது பஸ்ஸுக்க பெட்டி. மேல் கியர்ல நல்ல வேகம் வந்தாத்தான் அதுவே பூட்டும். கல்லூரியில ரெண்டாம் கியர்ல ஓட்டியிருக்காவ. பூட்டு விழவே இல்ல. நான் ஒரு சுவிட்சு வச்சுத் தாறேன். உனக்கு வேணும்னா நீயே பூட்டு. நின்ன இடத்துல இருந்து எடுக்கும்போது மட்டும் பூட்டாத. அப்பம் நழுவுததுதான் உனக்கு லாபம். எஞ்சின் ஒரு பங்கு முறுக்கினா சக்கரத்துக்கு ஒண்ணே முக்கால் பங்கு முறுக்கு வரும். வேகம் கிட்டாது, இழுப்பு கிட்டும்."

சுவிட்சை வைத்த பிறகு, வியாழக்கிழமை மூன்று பேரும் கல்லூரிக்குப் போனார்கள். நேசபாய் அன்றைக்கு லீவு சொல்லியிருந்தாள். டைனோவுக்குப் பொறுப்பாளர் ஆனந்தகிருஷ்ணன் என்ற இளம் விரிவுரையாளர். நல்ல மனிதர். சிலுவைமுத்து சொன்னதை ஒரு தடவை கேட்டதுமே, "அட, ஆமா. எஞ்சின் சுத்துக்கும் உருளை சுத்துக்கும் உள்ள கணக்க நான் ஒத்துப் பாக்கல அண்ணாச்சி" என்று ஒப்புக்கொண்டார்.

முதலில் பூட்டாமல் ஓட்டினார்கள். ஏசுஅடிமை முழு மிதி மிதித்தான். கட்டடம் அதிர்ந்தது. எண்பத்து நாலு. நாலு தடவை ஓட்டினதும் எண்ணெய்ச் சூடு நூற்றிருபத்தைந்து டிகிரி காட்டியது. ஆறவிட்டார்கள். அந்த இடைவெளியில் நேசபாய் கொண்டுவந்த கிழங்கை ஆனந்தகிருஷ்ணனும் சேர்ந்து தின்றார்.

பிறகு சுவிட்சைத் தட்டி ஓட்டினார்கள். உருளைகளின் சத்தமே வேறாக இருந்தது. திரையில் கோடு ஏறிக்கொண்டு போனது. எண்பத்து நாலைத் தாண்டியது. தொண்ணூறு. தொண்ணூற்றைந்து. ஏசுஅடிமை திரையைப் பார்க்கவில்லை, முன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு மிதித்தான்.

தொண்ணூற்றெட்டில் நின்றது.

மூன்று தடவை ஓட்டினார்கள். மூன்று தடவையும் தொண்ணூற்றெட்டு. எண்ணெய்ச் சூடு தொண்ணூறைத் தாண்டவில்லை.

"அந்த கியர் லாரிக்கு நூத்தேழுல்லா? மிச்சம் ஒம்பது குதிர?" என்று கேட்டாள் நேசபாய்.

"அது பெட்டிக்குள்ள எண்ணெய் சுத்துத பம்பு தின்னுது தங்கச்சி. அத நான் ஒண்ணும் செய்ய முடியாது. அது அதுக்க கூலி" என்றார் சிலுவைமுத்து.

ஆனந்தகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சி, ரெண்டுதானே குறையுது. காத்து சூடா இருந்தா எஞ்சினுக்குப் பெலம் குறையும்லா, அதுக்கு ஒரு திருத்தம் போடுவோம். இப்ப முப்பத்து மூணு டிகிரின்னு போட்டிருக்கேன். நாப்பதுன்னு போட்டா மிஷினே நூறுன்னு அடிச்சுத் தரும்."

சிலுவைமுத்து ஏசுஅடிமையைப் பார்த்தார். நேசபாயும் பார்த்தாள். அவன் காபினிலிருந்து இடது காலை முன்னால் விட்டு மெதுவாக இறங்கினான்.

"வேண்டாம் சார். அந்த ரெண்டு குதிர பேப்பர்ல இருக்கும், ஏத்தத்துல இருக்காது. நான்தானே அதுல இருக்கப் போறேன். உள்ளத எழுதித் தாங்க."

திரும்பி வரும்போது சிலுவைமுத்து ஒரு பாட்டை விசிலடித்துக்கொண்டே வந்தார்.

வள்ளிநாயகம் சீட்டை இரண்டு தடவை படித்தார். கீழே கையெழுத்தைப் பார்த்தார். பிறகு மூன்று பேரையும் பார்த்தார்.

"தொண்ணூத்தெட்டு. நான் நூறுன்னுல்லா எழுதி வச்சிருக்கேன்."

"நீங்க எழுதினது கிளச்சு வண்டிக்கு சார்" என்றார் சிலுவைமுத்து. "உங்களுக்கு வேண்டியது நூறுங்கிற எண்ணா, வண்டி பின்னால உருளாம இருக்கதா?"

"நீரு நல்லாத்தான் பேசுதீரு."

"பேச்சு வேண்டாம் சார். எட்டு டன் உரம் ஏத்துங்க. நீங்களும் ஏறுங்க."

வள்ளிநாயகம் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சரி. நாளைக்குக் காலத்த ஒம்பது மணி. ஏத்தத்துல நான் சொல்லுத எடத்துல நிறுத்தணும், திரும்ப எடுக்கணும். ஒரு இஞ்சு பின்னால போச்சுன்னா நான் எறங்கிருவேன். வண்டிய அப்பிடியே வீட்டுக்குக் கொண்டு போயிரும். பெறவு யாரும் எங்கிட்ட வரப்பிடாது."

மறுநாள் மழை விட்டு மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நேசபாய் இன்னொரு லீவு கேட்கவில்லை. வழக்கம்போல விடியுமுன் போய் வெட்டினாள். கூட வெட்டுகிற தாணம்மாள், "வீட்டுக்காரரு இன்னைக்கு மலைக்கு வண்டி கேற்றுகாராமே? நீ இங்க என்ன செய்யுக?" என்று கேட்டதற்கு, "நான் தள்ளியா விடப் போறேன்?" என்றாள். ஆனால் சிரட்டையிலிருந்து பாலை வழிக்கும்போது இரண்டு தடவை கீழே பாதையைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒன்பதரை மணிக்கு இரண்டு வாளியிலும் பால் விளிம்பு வரை நிறைந்துவிட்டது. பாதை ஓரமாக ஏற்றத்தில் நடக்கத் தொடங்கினாள். கீழே ஒரு லாரி வருகிற சத்தம் கேட்டது. இந்த மலையில் வருகிற லாரிகளெல்லாம் ஏற்றத்தில் முனகும், கியர் மாற்றும்போது ஒரு நொடி மூச்சு விடும், மறுபடி முனகும். இது எங்கேயும் மூச்சு விடவில்லை. ஒரே சீராக ஏறி வந்தது. எஸ்டேட்டுக்கு ஏதோ புது வண்டி வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்து ஒதுங்கி நின்றாள். வளைவு திரும்பி வந்தது அவள் வீட்டு விளையில் நின்ற லாரி.

அவளைக் கண்டதும் ஏசுஅடிமை நிறுத்தினான். வள்ளிநாயகம் நிறுத்தச் சொல்ல நினைத்திருந்த இடம் இன்னும் மேலே, ஏற்றம் குறைகிற இடத்தில் இருந்தது. இது அதைவிடச் செங்குத்து. பின்னால் எட்டு டன் உரம்.

"என்னத்துக்கு நிறுத்துனிய? சார் இருக்காரு" என்றாள் நேசபாய்.

"வாளியத் தா. ஏறு."

"நான் நடந்து வந்துருவேன். நீங்க போங்க."

"ஏறுன்னுதானே சொல்லுதேன்."

வள்ளிநாயகம் அவனைப் பார்த்தார். நடுவில் இருந்த சிலுவைமுத்துவை நெருக்கிக்கொண்டு நகர்ந்து இடம் கொடுத்தார். வாளிகளை அவரே குனிந்து வாங்கினார். வைக்க வேறு இடமில்லை. அவருடைய இரண்டு காலுக்கும் நடுவில், சலவை வேட்டிக்கு ஒரு விரல் தூரத்தில், இரண்டு வாளி ரப்பர்பால் விளிம்பு தளும்ப நின்றது. துணியில் பட்டால் பட்டதுதான். எந்த வண்ணானாலும் எடுக்க முடியாது. அவர் வேட்டியை முட்டுக்கு மேலே சுருட்டிப் பிடித்துக்கொண்டார்.

"பைய எடும் ஓய்" என்றார். குரல் வழக்கத்தைவிடச் சிறியதாக இருந்தது.

ஏசுஅடிமை கைப்பிரேக்கைப் பிடித்தபடியே மிதித்தான். கிளட்சு வண்டியில் இப்படிச் செய்தால் எஞ்சின் நின்றுபோகும், இல்லையென்றால் கிளட்சு கருகும். இதில் எண்ணெய் முறுக்கேறியது. வண்டியின் மூக்கு கொஞ்சம் உயர்ந்தது. அதைத் தன் முதுகில் உணர்ந்த பிறகே கைப்பிரேக்கை விட்டான். லாரி பின்னால் ஒரு நூல்கூடப் போகவில்லை. படகைக் கரையிலிருந்து கையால் தள்ளுகிற மாதிரி முன்னால் நகர்ந்தது. ஓட்டம் பிடித்ததும் சுவிட்சைத் தட்டினான். பூட்டு விழுந்தது தெரிந்தது, அவ்வளவுதான். எண்ணெய்ச் சூட்டின் முள் நூறுக்குக் கீழேயே நின்றது.

வாளிகளில் பால் வட்டமாக அலைந்தது. வெளியே வரவில்லை. வள்ளிநாயகம் கொட்டகை வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் பாதையைப் பார்க்கவே இல்லை.

கொட்டகை முன்னால் வண்டி நின்றதும் வேட்டியை இறக்கிவிட்டார். கீழே குனிந்து நன்றாகப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து மடியில் விரித்துவைத்தார். பேனாவைத் திறந்துவிட்டு யோசித்தார்.

"நூறுன்னு போட்டுரட்டா?" என்று கேட்டார்.

"வேண்டாம் சார். தொண்ணூத்தெட்டுன்னே இருக்கட்டும்" என்றான் ஏசுஅடிமை.

அவர் எண்ணைத் தொடவில்லை. அதற்குப் பக்கத்தில் 'எட்டு டன்னோடு ஏறியது, நான் உள்ளே இருந்தேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் வைத்தார். எழுத்தை ஒருதரம் வாசித்துப் பார்த்துவிட்டு மை காய ஊதினார்.

கதவுப் பக்கம் நெருங்கி உட்கார்ந்திருந்த நேசபாய் பொறுக்க மாட்டாமல் சொன்னாள்: "சார், பெறவு ஊதலாம். காலக் கொஞ்சம் அங்க நகத்துங்க. பால் உறையப் போவுது."